கடல் கடந்தோர் கேள்வி–பதில்: குடியிருப்பு வேறு, குடியுரிமை வேறு

வெளிநாட்டில் நிரந்தரமாகக் குடியமர்வது பற்றிக் கேள்விகளை அனுப்பலாம் என்று சென்ற இதழில் அறிவித்திருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை திருநெல்வேலி, தென்காசி வட்டாரங்களில் இருந்து வந்தவை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் அவற்றைச் சேர்த்து, எழுதியவர்களின் பெயரை விலக்கி, ஊரை மட்டும் குறிப்பிட்டு விடை அளிக்கிறோம்.

சேரன்மகாதேவி வாசகர்: என் மகன் டொராண்டோ பக்கத்தில் குடும்பத்தோடு இருக்கிறான். பி.ஆர். (நிரந்தரக் குடியிருப்பு உரிமை) கிடைத்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. இப்போது கனடாக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கப் போகிறேன் என்கிறான். கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் எங்களுக்கு நஞ்சை இருக்கிறது. இந்தியக் குடியுரிமை போய்விட்டால் அந்த வயல் அவனுக்கு வராது என்று ஊரில் சொல்கிறார்கள். அதற்கு முன்பாகவே அவன் பெயருக்குத் தான செட்டில்மென்ட் எழுதிவிடலாமா?

எழுத வேண்டாம், ஐயா. ஊரில் சொல்வதும் சரியல்ல, தாங்கள் யோசித்திருக்கும் வழியும் சரியல்ல. விவசாய நிலத்தைப் பொறுத்தவரை அன்னியச் செலாவணிச் சட்டம் முதலில் பார்ப்பது ஒருவர் எங்கே குடியிருக்கிறார் என்பதைத்தான். தங்கள் மகன் இன்று இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தாலும், வெளிநாட்டில் வசிப்பவர் என்ற கணக்கில் வருவதால், விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு ஆகியவற்றை அவர் விலைக்கு வாங்கவும் முடியாது, தானமாகப் பெறவும் முடியாது. செட்டில்மென்ட் என்பதும் தானத்தின் வகைதான். சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிவாகிவிட்டது என்பதாலேயே அது விதிக்கு உட்பட்டது ஆகிவிடாது. பின்னாளில் நிலத்தை விற்றுப் பணத்தைக் கனடாவுக்கு அனுப்ப வங்கிக்குப் போகும்போதுதான் சிக்கல் தெரியவரும்.

வாரிசாகப் பெறுவதற்கு இந்தத் தடை இல்லை. அவர் இந்தியக் குடிமகனாக நீடித்தாலும், கனடாக் குடிமகனாகி, வேற்று நாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் ஓ.சி.ஐ. அட்டை பெற்றாலும், தங்கள் காலத்துக்குப் பின் உயில் மூலமாகவோ வாரிசுரிமை மூலமாகவோ வயல் அவருக்கு வரலாம். ஆகவே உயில் எழுதுங்கள். உயிலைப் பதிவு செய்வது கட்டாயமில்லை, ஆனாலும் பதிவு செய்துவிடுவது நல்லது. அதற்கு முன், தங்கள் தகப்பனார் பெயரிலோ கூட்டுப் பட்டாவாகவோ நிலம் கிடந்தால் அதைச் சரிசெய்யுங்கள். தாத்தா பெயரில் உள்ள பட்டாவையும், பங்காளிகள் வாய்ச்சொல்லாகப் பிரித்துக்கொண்ட வரப்பையும் வைத்துக்கொண்டு, கனடாவில் இருப்பவர் ஒவ்வொரு கையெழுத்துக்கும் பவர் பத்திரம் அனுப்பிக்கொண்டிருப்பதை நம் பக்கத்தில் நிறையவே பார்க்கிறோம். அப்படி வெளிநாட்டில் எழுதப்படும் பவர் பத்திரத்துக்கு, அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதங்களுக்குள் முத்திரைத் தீர்வை செலுத்தியாக வேண்டும். பெரும்பாலானோர் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான்.

இனிக் குடியுரிமைக்கு வருவோம். பி.ஆர். என்பது கனடாவில் குடியிருக்கும் உரிமை. ஐந்து ஆண்டுகளில் 730 நாள் அங்கே இருந்தால் அந்த நிலை தொடரும், அதற்காக இந்தியப் பாஸ்போர்ட்டை விட வேண்டியதில்லை. குடியுரிமைக்கு, விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில் 1,095 நாள் அங்கே இருந்திருக்க வேண்டும். பி.ஆர். வருவதற்கு முன் படிப்பிலோ வேலை விசாவிலோ கழிந்த நாள்கள் பாதியாகக் கணக்கில் சேரும், அதுவும் 365 நாள் வரைதான். 18 முதல் 54 வயது வரை உள்ளவர்களுக்கு ஆங்கிலம் அல்லது பிரெஞ்சு மொழித் திறனும், 20 கேள்விகளில் 15க்குச் சரியாக விடை தரும் தேர்வும் உண்டு. அம்மன் கொடைக்கும் கல்யாணத்துக்கும் ஊருக்கு வந்துபோன நாள்களை எல்லாம் பாஸ்போர்ட் முத்திரையைப் பார்த்துக் கழித்துவிட்டு, கைவசம் சில வாரங்கள் கூடுதலாக வைத்துக்கொண்டு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

கனடா இரட்டைக் குடியுரிமையை ஏற்கிறது, இந்தியா ஏற்பதில்லை. அரசியல் சட்டத்தின் 9ஆவது கூறும், 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 9ஆவது பிரிவும் சொல்வது இதுதான்: தாமாக விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை பெற்ற உடனேயே ஒருவர் இந்தியக் குடிமகன் அல்லாதவர் ஆகிவிடுகிறார். யாரும் உத்தரவு போட்டு அதை நீக்க வேண்டியதில்லை. பழைய பாஸ்போர்ட்டில் இன்னும் ஆண்டுகள் மிச்சம் இருக்கின்றன என்று அதை வைத்துக்கொண்டு ஊருக்கு வந்து போனால் அபராதம் உண்டு. அதை ஒப்படைத்து, ஒப்படைப்புச் சான்று பெற்ற பிறகே ஓ.சி.ஐ. அட்டைக்கு விண்ணப்பிக்க முடியும். அந்த அட்டையைப் பலர் பாதிக் குடியுரிமை என்று நினைக்கிறார்கள். அது ஆயுள் முழுவதும் செல்லும் விசா, அவ்வளவுதான். எத்தனை ஆண்டு வேண்டுமானாலும் இங்கே தங்கலாம், வீடும் மனையும் வாங்கலாம். ஆனால் வாக்குரிமை இல்லை, அரசு வேலை இல்லை, விவசாய நிலம் வாங்க முடியாது. மதப் பிரசாரம், தப்லீக் பணி, பத்திரிகைப் பணி, ஆய்வு ஆகியவற்றுக்குத் தனி அனுமதி பெற வேண்டும் என்று 2021இல் அறிவிப்பே வந்திருக்கிறது. ஊழியத்துக்காக வந்துபோகும் அன்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நம்மைக் கேட்டால், வேலையும் பிள்ளைகளும் அங்கேயே என்று முடிவானவர் குடியுரிமை எடுப்பதில் தவறில்லை. ஐம்பது வயதில் சேரன்மகாதேவிக்குத் திரும்பி விவசாயம் பார்ப்பேன் என்ற எண்ணம் அவருக்கு உண்மையிலேயே இருந்தால், பி.ஆர். அட்டையைப் புதுப்பித்துக்கொண்டு இந்தியக் குடிமகனாகவே இருக்கட்டும். திரும்பி வந்து இங்கே குடியிருக்கும் இந்தியக் குடிமகன் பக்கத்து வயலையும் விலைக்கு வாங்கிச் சேர்க்கலாம், ஓ.சி.ஐ. அட்டைக்காரருக்கு அது முடியாது.

வள்ளியூர் வாசகி: ஆஸ்திரேலியாவில் வேலை பார்க்கும் என் கணவர் நிரந்தரக் குடியிருப்புக்கு விண்ணப்பிக்கத் தாள்களைச் சேர்த்துக்கொண்டிருக்கிறார். அவருடைய பிறப்புச் சான்றில் "ஆண் குழந்தை" என்று மட்டும் இருக்கிறது. பள்ளி டி.சி.யில் உள்ள பிறந்த தேதி வேறு. பாஸ்போர்ட்டில் பெயரும் முன்னுக்குப் பின் முரணாக இருக்கிறது. என்ன செய்வது?

வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இந்தச் சிக்கல்தான். தகுதிப் புள்ளிகள் எல்லாம் சரியாக இருந்தும், தாளில் உள்ள பெயரும் தேதியும் ஒத்துப்போகாமல் மாதக்கணக்கில் விண்ணப்பம் தேங்கியவர்கள் பலர்.

தேதி மாறியது எப்படி என்பது நம் ஊரில் எல்லாருக்கும் தெரியும். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க அழைத்துப் போவார் தாத்தா. பிறந்த தேதி கேட்டால், "ஐப்பசி மழைக்குப் பிறந்தவன்" என்பார். தலைமையாசிரியர், ஜூன் மாதத்தில் ஐந்து வயது நிறையும்படி ஒரு தேதியைப் பதிவேட்டில் எழுதிக்கொள்வார். அந்தத் தேதியே டி.சி.க்கும், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலுக்கும், அதிலிருந்து பாஸ்போர்ட்டுக்கும் போய்விடும். கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள பிறப்புப் பதிவேட்டில் மட்டும் உண்மையான தேதி, பெயர் இல்லாமல் கிடக்கும்.

பெயர்க் கதை இன்னும் பெரிது. எஸ். இசக்கிமுத்து என்று ஊரே அறிந்தவர் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கும்போது, முதலெழுத்தை விரித்து எழுதச் சொல்வார்கள். தகப்பனார் பெயரான சுடலையாண்டி குடும்பப் பெயர்க் கட்டத்தில் ஏறும். சிட்னியில் அலுவலகத்தில் அவரை மிஸ்டர் சுடலையாண்டி என்று கூப்பிடுவார்கள். மனைவிக்குக் குடும்பப் பெயர் தன் தகப்பனார் பெயர், பிள்ளையின் குடும்பப் பெயர் இசக்கிமுத்து. ஆக, ஒரே வீட்டில் மூன்று பேருக்கு மூன்று குடும்பப் பெயர். பரிசீலிக்கும் அதிகாரிக்கு இவர்கள் ஒரு குடும்பம்தானா என்ற கேள்வி எழுவதில் வியப்பில்லை. பெயரைப் பிரிக்காமல் ஒரே கட்டத்தில் போட்டுவிட்டவர்களுக்கு வேறு தொல்லை. ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டுக்கு ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பர் முதல் சுற்றுலா, வருகை விசா தருவதில்லை என்பது நம் பக்கத்தில் பலருக்கும் விமான நிலையத்தில் தெரியவந்த செய்தி.

தங்கள் கணவருக்கு வருவோம். பிறப்பைப் பதிவு செய்த நாளிலிருந்து 15 ஆண்டுகளுக்குள் பெயர் சேர்க்க விதி இடம் தருகிறது. அது கடந்துவிட்டால் அரசு அவ்வப்போது அறிவிக்கும் கால நீட்டிப்பில்தான் முடியும். பதிவே இல்லாதவர்கள் முதலில் "பதிவு இல்லை" என்ற சான்றைப் பதிவாளரிடம் வாங்க வேண்டும். ஓராண்டுக்கு மேல் தாமதமான பதிவுக்குக் கோட்டாட்சியர் அளவிலான ஆணை தேவைப்படும். தேதியைத் திருத்தும் விஷயத்தில் நம் யோசனை வேறு. பாஸ்போர்ட், மதிப்பெண் பட்டியல், பட்டச் சான்று, வேலை அனுபவச் சான்று என்று எல்லாம் ஒரே தேதியில் இருக்கும்போது, உண்மையான தேதி இதுதான் என்று அனைத்தையும் மாற்றப் புறப்படுவது புதிய சந்தேகத்தைக் கிளப்பும். வேறுபாட்டை மறைக்காமல், அது நேர்ந்த விதத்தைப் பிரமாண வாக்குமூலமாக எழுதி, பள்ளிப் பதிவேட்டு நகலோடு சேர்த்துக் கொடுப்பதே மேல். பெயர் மாற்றத்தைத் தமிழ்நாடு அரசிதழில் வெளியிட்டு, அந்த ஒரே வடிவத்தைப் பாஸ்போர்ட், ஆதார், பான் எல்லாவற்றிலும் ஏற்றிக்கொள்ளுங்கள்.

தங்கள் திருமணம் பதிவாகி இருக்கிறதா என்றும் பாருங்கள். கோயிலில் தாலி கட்டியதற்கு அழைப்பிதழும் புகைப்படமும் போதும் என்ற காலம் போய்விட்டது. 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ்நாட்டில் எல்லா மதத்தினருக்கும் திருமணப் பதிவு கட்டாயம். கடந்த பத்து ஆண்டுகளில் பன்னிரண்டு மாதமோ அதற்கு மேலோ வாழ்ந்த ஒவ்வொரு நாட்டில் இருந்தும் காவல்துறை நற்சான்று கேட்பார்கள். கணவர் முன்பு வளைகுடாவில் இருந்தவர் என்றால் அங்கிருந்தும் வாங்க வேண்டும். இந்தியச் சான்றை நீங்கள் திருநெல்வேலி பாஸ்போர்ட் சேவா கேந்திரத்திலேயே பெற்றுக்கொள்ளலாம்.

மேலப்பாளையம் வாசகர்: துபாயில் 22 ஆண்டுகளாக இருக்கிறேன். 30 ஆண்டு முடிந்தால் அந்நாட்டுக் குடியுரிமை கிடைக்கும் என்கிறார்களே, உண்மையா?

1972ஆம் ஆண்டுச் சட்டத்தில் அப்படி ஒரு கால அளவு இருப்பது உண்மை, அதை நம்பித் திட்டம் போடுவது வீண். 2021இல் கொண்டுவந்த திருத்தத்திலும் முதலீட்டாளர், மருத்துவர், விஞ்ஞானி போன்றோரை அரச தரப்பே பரிந்துரைக்க வேண்டும், நாமாக விண்ணப்பம் போட வழியில்லை. தங்கள் குடியிருப்பு வேலையோடு கட்டப்பட்டது. கோல்டன் விசா தகுதி இருந்தால் பத்து ஆண்டு வரை நிம்மதி, அதுவும் குடியுரிமை ஆகாது. அங்கே பிறந்த பிள்ளைகளுக்கு அந்நாட்டுக் குடியுரிமை இல்லை என்பதால், பிறந்த ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிவு செய்தாக வேண்டும். பேரப்பிள்ளைகள் விஷயத்தில் இதைத் தவற விட்டுவிடாதீர்கள்.

கடையநல்லூர் வாசகர்: சிங்கப்பூரில் பி.ஆர். ஆக இருக்கும் என் தம்பி, பன்னிரண்டு வயது மகனையும் பி.ஆர். ஆக்கிக்கொள்ள நினைக்கிறார். பையன் ராணுவத்தில் சேர வேண்டி வரும் என்று தம்பி மனைவி அஞ்சுகிறார்.

கடையநல்லூர் நெசவாளர் குடும்பங்கள் தஞ்சோங் பகார் பக்கம் குடியேறிப் பல தலைமுறைகள் ஆகிவிட்டன. தங்கள் ஊரில் தெருவுக்குத் தெரு இதற்கு விடை தெரிந்த பெரியவர்கள் இருப்பார்கள். ஆனாலும் அவர்கள் காலத்து விதிகள் வேறு, இன்றைய விதிகள் வேறு.

வேலைத் தகுதியின் பேரில் முதன்முதலாக பி.ஆர். பெறும் தங்கள் தம்பி போன்றோருக்குத் தேசிய சேவை இல்லை. பெற்றோரின் ஆதரவில் பி.ஆர். ஆகும் ஆண் பிள்ளைக்கு உண்டு. பதினாறரை வயதில் பதிவு, பதினெட்டுக்கு மேல் இரண்டு ஆண்டு முழுநேரச் சேவை, அதன் பின் நாற்பது வயது வரை ஆண்டுதோறும் அழைப்பு. படை, காவல்துறை, தீயணைப்பு ஆகிய மூன்றில் எதில் சேர்ப்பது என்பதையும் அரசே முடிவு செய்யும். வயது வந்ததும் பி.ஆர். நிலையை விட்டுவிட்டால் போயிற்று என்று சிலர் யோசனை சொல்வார்கள். அப்படி விலகியவர்கள் பின்னர் சிங்கப்பூரில் படிக்கவோ வேலை பார்க்கவோ விண்ணப்பித்தால் அது பாதகமாகவே பார்க்கப்படும் என்று அந்நாட்டு அரசு வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது. பள்ளிக் கட்டணச் சலுகையை ஆறு ஆண்டு அனுபவித்துவிட்டுச் சேவை வரும்போது விலகுவது நியாயமும் அல்ல.

பையன் அங்கேயே வளர்ந்து அங்கேயே வாழப்போகிறான் என்றால் தயக்கமின்றிச் செய்யலாம். பொறியியல் படிக்க ஊருக்கு அனுப்பிவிடும் எண்ணம் இருந்தால் அவனை பி.ஆர். ஆக்காமல், இப்போது உள்ள விசாவிலேயே விட்டுவையுங்கள். அம்மாவின் அச்சத்தைவிட அவனுடைய விருப்பத்தைக் கேட்பது முக்கியம். பன்னிரண்டு வயதுப் பையனுக்குச் சொன்னால் புரியும்.

கங்கைகொண்டான் முகாம் வாசகி: என் பெற்றோர் 1990இல் படகில் வந்தவர்கள். நான் 1993இல் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் மருத்துவமனையில் பிறந்தேன், இங்கேயே படித்தேன். இலங்கையைப் பார்த்ததே இல்லை. என் பாட்டனார் பதுளைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் இருந்தவர், அவருடைய முன்னோர் அம்பாசமுத்திரம் பக்கத்தில் இருந்து போனவர்கள். நான் இந்தியக் குடிமகள் இல்லையா?

சகோதரி, பிறந்த இடத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் சட்டத்தின் விடை தங்களுக்குச் சாதகமாக இல்லை. 1950 ஜனவரி 26 அன்றோ அதற்குப் பின்னோ, 1987 ஜூலை 1க்கு முன் இந்தியாவில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும் குடிமகன். 1987 ஜூலை 1 முதல் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருந்திருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் பிறந்தவருக்கு விதி இன்னும் இறுகிவிட்டது: ஒருவர் குடிமகனாக இருந்தால் மட்டும் போதாது, மற்றவர் சட்டவிரோதமாகக் குடியேறியவராகவும் இருக்கக் கூடாது. உரிய ஆவணமின்றிப் படகில் வந்தவர்களை அந்தச் சொல்லுக்குள் அடக்கிவிடுவதால், தங்கள் பெற்றோருக்கு நீண்டகாலம் தங்கியதன் பேரில் குடியுரிமை கேட்கும் வழியும் அடைபட்டுக் கிடக்கிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளில் இருந்து வந்தவர்களுக்கு மட்டுமே வழி திறந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் முகாமில் இருப்பவர்களை அதில் சேர்க்காதது நம் பார்வையில் பெரும் குறை.

ஆனால் தங்கள் கடிதத்தில் பாட்டனார் பற்றிய வரிதான் முக்கியமானது. 1948ஆம் ஆண்டு இலங்கைக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபரில் சிறிமாவோவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தில், ஒன்பதே முக்கால் லட்சம் பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்றும் 3,00,000 பேரை இலங்கை ஏற்பது என்றும் பிரித்தார்கள். எஞ்சிய ஒன்றரை லட்சத்தை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பகிர்ந்தார்கள். இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பித்து, அது பதிவாகியும், 1984இல் தலைமன்னார்க் கப்பல் நின்றுபோனதால் வந்து சேர முடியாதவர்களும் உண்டு. தங்கள் பாட்டனார் அப்படி விண்ணப்பித்திருந்தாரா என்று உறவினர்களிடம் விசாரியுங்கள். கண்டியில் இருந்த இந்தியத் துணைத் தூதரகம் கொடுத்த குடும்ப அட்டை, பழைய இந்தியப் பாஸ்போர்ட், அதன் நகல், எண் எழுதிய துண்டுத் தாள் எதுவாக இருந்தாலும் பத்திரப்படுத்துங்கள். பாட்டனாரோடு தகப்பனார் பெயரும் அதில் ஏறியிருந்தால், தகப்பனார் இந்தியக் குடிமகன் என்று வாதிட இடம் உண்டு. அது நிலைநாட்டப்பட்டால் தங்கள் நிலையும் மாறும்.

இத்தகைய மலையக வம்சாவளியினர் தொடுத்த வழக்கில், அவர்கள் குடியுரிமை விண்ணப்பங்களைப் பெற்று மத்திய அரசுக்கு அனுப்பி வைக்கும்படி 2019 ஜூனில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. விண்ணப்பம் மாவட்ட ஆட்சியர் வழியாகவே போக வேண்டும். வழக்கறிஞர் செலவுக்கு அஞ்ச வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பு பாராமல் இலவசச் சட்ட உதவி உண்டு, பாளையங்கோட்டை நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் நேரில் மனுக் கொடுங்கள். யாராவது வாக்காளர் அட்டை வாங்கித் தருவதாகச் சொன்னால் மட்டும் இணங்கிவிடாதீர்கள். பொய்யாகச் சேர்த்த ஒரு பெயர், உண்மையான உரிமையைக் கேட்கும் நாளில் தங்களுக்கு எதிராக எடுத்து வைக்கப்படும்.

திசையன்விளை வாசகர்: ஆறு லட்ச ரூபாய் கட்டினால் ஐரோப்பிய நாடு ஒன்றில் பி.ஆர். உறுதி என்று ஒரு முகவர் சொல்கிறார். முன்பணமாக இரண்டு லட்சம் கேட்கிறார்.

கொடுக்க வேண்டாம். எந்த நாட்டு அரசும் தரும் அனுமதியை இடையில் இருப்பவர் உறுதி சொல்ல முடியாது. வேலைக்கு ஆள் அனுப்பும் முகவர் என்றால் 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி உரிமம் வேண்டும், சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். உரிமம் உண்மையா என்று மத்திய அரசின் இ–மைக்ரேட் இணையதளத்தில் பார்க்கலாம். குடியேற்ற ஆலோசகர் என்றால் அந்தந்த நாட்டில் பதிவு பெற்றவரா என்று கேளுங்கள், கனடா, ஆஸ்திரேலியா, பிரிட்டன் மூன்றிலும் அதற்கான பதிவேடு பொதுமக்கள் பார்வைக்கு இருக்கிறது. ரசீது கேட்டால் முகம் மாறுகிறதா என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

பாளையங்கோட்டை வாசகர், ஓய்வுபெற்ற ஆசிரியர்: அமெரிக்கக் குடிமகளாகிவிட்ட எங்கள் மகள், எனக்கும் என் மனைவிக்கும் கிரீன் கார்டு எடுப்பதாகச் சொல்கிறாள். ஆறு மாதம் அங்கே, ஆறு மாதம் இங்கே என்று இருக்க எங்களுக்கு ஆசை. எடுக்கலாமா?

21 வயது நிரம்பிய குடிமகள் பெற்றோருக்கு விண்ணப்பிக்கலாம், இந்த வகைக்கு ஆண்டு வரம்பு இல்லை என்பதால் மற்றவர்களைப் போலப் பல ஆண்டு வரிசையில் நிற்க வேண்டியதும் இல்லை. கிடைப்பது எளிது என்பதாலேயே பலர் யோசிக்காமல் எடுத்துவிடுகிறார்கள்.

கிரீன் கார்டு என்பது அங்கே நிரந்தரமாக வாழ்கிறவருக்கான அனுமதி. ஓராண்டுக்கு மேல் முன் அனுமதியின்றி வெளியே இருந்தால் அது செல்லாது. அதற்குக் குறைவாக இருந்தாலும், ஆண்டுதோறும் பாதி நாள் பாளையங்கோட்டையில் இருப்பவரை, இவர் உண்மையில் எங்கே குடியிருக்கிறார் என்று விமான நிலைய அதிகாரி கேட்பார். ஆறு மாதத்தைத் தாண்டிய ஒவ்வொரு பயணமும் பின்னாளில் குடியுரிமை கேட்கும்போது விளக்கம் கேட்க இடம் தரும். தங்கள் ஓய்வூதியம், இங்குள்ள வைப்பு நிதி வட்டி, வீட்டு வாடகை எல்லாவற்றையும் அமெரிக்க வருமான வரிக் கணக்கில் காட்ட வேண்டும். 65 வயதுக்கு மேல் உள்ளவர்களுக்கான மெடிகேர் மருத்துவக் காப்பீட்டில், அங்கே வேலை பார்த்திராதவர் பணம் கட்டிச் சேர்வதற்கே ஐந்து ஆண்டு தொடர் குடியிருப்பு வேண்டும். அதுவரை மருத்துவச் செலவு மகள் தலையில்தான் விழும்.

தாங்கள் சொல்லும் ஆறு மாத வாழ்க்கைக்குப் பொருத்தமானது பத்து ஆண்டு வருகை விசாதான். ஒவ்வொரு முறையும் பெரும்பாலும் ஆறு மாதம் வரை தங்க அனுமதிப்பார்கள். ஆனால் ஆறு மாதம் இருந்துவிட்டு இரண்டே மாதத்தில் மறுபடி போய் நிற்காதீர்கள், அங்கே இருக்கும் காலத்தைவிட இங்கே இருக்கும் காலம் கூடுதலாக இருக்கட்டும். ஒன்றைக் கவனியுங்கள்: மகள் கிரீன் கார்டு மனுவைத் தாக்கல் செய்துவிட்டால், அதன் பிறகு வருகை விசா கேட்கும்போது குடியேறும் எண்ணம் இருப்பதாகக் கருதி மறுக்க வாய்ப்பு உண்டு. ஆகவே இரண்டில் எது என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டு மகளிடம் சொல்லிவிடுங்கள். தங்களில் ஒருவர் தனியாகிவிடும் நிலை வந்தால் அப்போது கிரீன் கார்டுக்கு விண்ணப்பித்துக்கொள்ளலாம், அந்த உரிமை காலாவதி ஆவதில்லை.

எந்த விசாவில் போனாலும் மாநில அரசின் ஓய்வூதியம் நிற்காது. ஆண்டு நேர்காணல் மாதத்தில் அங்கே இருக்க நேர்ந்தால், இந்தியத் தூதரக அதிகாரியின் கையொப்பம் பெற்ற வாழ்நாள் சான்றைக் கருவூலத்துக்கு அனுப்பிவிடலாம்.